ஆங்கிலத்தின் வழியே வந்த ஜேர்மன் மெய்யியற் சொற்கள்: ‘அந்நியமாதல்’ குறித்து ஒரு மறுநோக்கு

1

தமிழில் மெய்யியல், சமூகவியல், இலக்கியத் திறனாய்வு ஆகிய துறைகளில் இன்று வழங்கும் கலைச்சொற்களுள் கணிசமானவை ஜேர்மன் மொழியிற் பிறந்தவை. அல்லது ஜேர்மன் மெய்யியலாளர் கையிற் புதுப்பொருள் பெற்றவை. இயங்கியல், கருத்துமுதல்வாதம், மேற்கட்டுமானம், உபரி மதிப்பு, அந்நியமாதல் என்பன இவற்றுட் சில. ஆயின் இச்சொற்களைத் தமிழாக்கியோருள் மிகப் பெரும்பாலோர் ஜேர்மன் மூலத்தை நேரிற் கண்டவரல்லர். ஆங்கில மொழிபெயர்ப்பே அவர்களுக்கு மூலமாக அமைந்தது.

இதனை ஒரு குற்றமாகச் சுட்டுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. குடியேற்ற ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் உலக அறிவு ஆட்சிமொழியின் வாயிலாக வந்து சேர்வது வரலாற்று நியதி. ஆயின் அதன் விளைவொன்றை நாம் போதிய அளவு கவனிக்கவில்லை. ஆங்கிலச் சொல் என்பது மூலமன்று. பல தீர்வுகளுள் ஒரு மொழிபெயர்ப்பாளர் தெரிந்தெடுத்த ஒரு தீர்வு. அத்தீர்வையே ஹெகலின் கருத்தாகவும் மார்க்சின் கருத்தாகவும் கொண்டு நாம் வாதிடும்போது, சிலவேளைகளில் ஆங்கில மொழிபெயர்ப்பாளரின் தெரிவைப் பற்றியே வாதிட்டுக்கொண்டிருக்கிறோம். ‘அந்நியமாதல்’ என்னும் சொல்லை முதன்மை உதாரணமாகக் கொண்டு இதனை ஆராய்வதே இங்கு செய்யப்படும் முயற்சி.

2

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதிவரை ஜேர்மன் அறிஞர்கள் பெரும்பாலும் இலத்தீனிலேயே எழுதினர். கிறிஸ்தியான் வொல்ஃப் போன்றோர் தாய்மொழியில் மெய்யியல் எழுத முற்பட்டபோது, மக்கள் வழக்கிலிருந்த சொற்களையே எடுத்துக் கலைச்சொற்களாக்கினர். ‘பெக்ரிஃப்’ என்னும் சொல் கையாற் பற்றுதலைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது. ‘அன்ஷாவுங்’ என்பது பார்த்தலிலிருந்து வந்தது. இவ்வாறு அன்றாடச் சொல்லின் வேர் மெய்யியற் சொல்லிலும் உயிரோடு இருப்பது ஜேர்மன் மெய்யியல் மொழியின் இயல்பு.

ஆங்கிலத்துக்கு வருமிடத்து நிலைமை மாறுகிறது. ஆங்கிலத்தில் வீட்டுக்குரிய சொற்கள் ஒரு குலத்தவை. கல்விக்குரிய சொற்கள் இலத்தீன், கிரேக்கக் குலத்தவை. மொழிபெயர்ப்பாளர் இயல்பாகவே இரண்டாம் வகையை நாடினர். ‘பெக்ரிஃப்’ ஒருவரிடம் ‘நோஷன்’ ஆயிற்று. மற்றொருவரிடம் ‘கொன்செப்ட்’ ஆயிற்று. பிராய்டின் நூல்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். அவர் ஜேர்மன் மொழியில் ‘நான்’ என்றும் ‘அது’ என்றும் எழுதியவை, ஜேம்ஸ் ஸ்ட்ராச்சியின் பொதுமேற்பார்வையில் 1953 முதல் 1974 வரை வெளிவந்த நியமப் பதிப்பில் ‘ஈகோ’, ‘இட்’ என்னும் இலத்தீன் சொற்களாக நிலைபெற்றன. புரூனோ பெட்டல்ஹைம் 1980களின் தொடக்கத்தில் இதனை வன்மையாகக் கண்டித்தார். தமிழுக்கு வந்தபோது ‘ஈகோ’ செருக்கைக் குறிக்கும் பேச்சுவழக்குச் சொல்லாகிவிட்டது. ‘நான்’ என்ற சொல்லும் ‘அது’ என்ற சொல்லும் நம் சமய தத்துவ மரபில் நெடுங்காலம் ஆழ்ந்து சிந்திக்கப்பட்டவை என்பதை எண்ணும்போது இழப்பின் அளவு புலனாகும்.

ஆங்கில மொழிபெயர்ப்பாளரும் ஒருமுகமாக நின்றவரல்லர். ஹெகலின் ‘கைஸ்ட்’ பற்றிய நூலை 1910இல் பெய்லி ‘மைன்ட்’ என்று பெயர்த்தார். 1977இல் வெளிவந்த மில்லரின் பெயர்ப்பு ‘ஸ்பிரிட்’ என்றது. முன்னையதைப் படித்த தமிழ் மாணவர் மனத்தைப் பற்றிய நூலொன்றைப் படித்தார். பின்னையதைப் படித்தவர் ஆன்மாவைப் பற்றிய நூலொன்றைப் படித்தார். ஜேர்மன் சொல்லோ மனம், அறிவுத்திறன், பேய், கிறித்தவரின் பரிசுத்த ஆவி ஆகிய அனைத்தையும் தழுவியது. தமிழின் ‘ஆவி’ பேயையும் உயிர்ப்பையும் பரிசுத்த ஆவியையும் தழுவி நிற்பினும் அறிவுத்திறனைத் தழுவவில்லை. எச்சொல்லைக் கொண்டாலும் ஏதோவொன்று விடுபடும். எது விடுபடுகிறது என்பதை அறிந்து கொள்வதே கற்றோர் கடமை.

3

விடுபடல் எப்போதும் ஆங்கிலத்தாலேயே நேர்ந்ததென்று கூறுவதும் பொருந்தாது. கான்டின் ‘அன்ஷாவுங்’ ஆங்கிலத்தில் ‘இன்டியூஷன்’ எனப்பட்டது. அவ்விலத்தீன் வேரும் பார்த்தலையே குறிப்பதால் அது நேர்மையான பெயர்ப்பே. ஆயின் இன்றைய ஆங்கிலப் பேச்சில் அச்சொல் காரணங் காட்டவியலாத ஊகத்தைக் குறிக்கிறது. நாம் அந்தப் பேச்சுப் பொருளைப் பற்றிக்கொண்டு ‘உள்ளுணர்வு’ என்றோம். இதனால் கான்ட் கூறும் புலன்சார்ந்த அன்ஷாவுங், ‘புலன்சார் உள்ளுணர்வு’ என்ற முரண்பட்ட தொடராகி மாணவரை மயக்குகிறது.

தமிழுக்கு இத்துறையிற் சொல்வறுமை இல்லை. மணிமேகலையின் 27ஆம் காதை அளவைகளைத் தொகுத்துரைக்குமிடத்துக் ‘காண்டல்’, ‘கருதல்’ என்னும் சொற்களை ஆளுகிறது. சைவ சித்தாந்த அளவையியல் காட்சியை நிருவிகற்பம், சவிகற்பம் என்று நுணுகிப் பகுத்தது. கான்ட் கூறுவது இவற்றோடு முற்றிலும் ஒன்றன்று. இடத்தையும் காலத்தையும் அவர் தூய அன்ஷாவுங் என்பதற்கு நம் மரபில் நேர் இணையில்லை. எனினும் ‘காண்டல்’ என்று தொடங்கி வேறுபாட்டை விளக்குவது இயலும். ‘உள்ளுணர்வு’ என்று தொடங்கினால் முதலில் மயக்கத்தை நீக்க வேண்டியிருக்கும்.

மறுபுறம், நாம் ஆக்கிய சொற்களே மூலத்தை மிஞ்சிச் செல்வதும் உண்டு. ‘கருத்துமுதல்வாதம்’, ‘பொருள்முதல்வாதம்’ என்பன நல்லாக்கங்கள். ஆயின் அவற்றிலுள்ள ‘முதல்’ என்பது ஜேர்மன் சொல்லில் இல்லை. ஆங்கிலச் சொல்லிலும் இல்லை. கருத்து முதலா, இயற்கை முதலா என்னும் வினாவே மெய்யியலாளரை இரு முகாம்களாகப் பிரிக்கிறதென ஏங்கல்ஸ் 1886இல் பொயர்பாக் பற்றிய நூலில் விளக்கினார். அவ்விளக்கமே தமிழ்ச் சொல்லினுள் புகுத்தப்பட்டிருக்கிறது. ஹெகலுக்கு இது பொருந்தும். அனுபவத்தின் அறிகை நிபந்தனைகளைப் பற்றிப் பேசிய கான்டின் ‘ஐடியலிசத்தை’ இச்சொல்லாற் குறிக்கும்போது, அவர் சொல்லாத ஒன்றை அவர் வாயில் இட்டுவிடுகிறோம். மொழிபெயர்ப்பு சிலவேளை தீர்ப்பாகவும் ஆகிவிடுகிறது என்பதற்கு இது சான்று.

4

இனி ‘அந்நியமாதல்’ என்னும் சொல்லுக்கு வருவோம். மார்க்ஸ் 1844இல் எழுதிய பொருளாதார, மெய்யியற் கையெழுத்துப் படிகள் 1932இலேயே முழுமையாக அச்சேறின. அவற்றில் மூன்று சொற்கள் நெருங்கி நின்று பணிபுரிகின்றன. ‘ஃபெர்கேகன்ஷ்டென்ட்லிஹுங்’ என்பது உழைப்பு ஒரு பொருளாக உருக்கொள்ளுதல். ‘என்டொய்ஸெருங்’ என்பது தன்னுள் இருந்ததை வெளியே இட்டுத் தன் உரிமையினின்று நீக்குதல்; விற்றுக் கைமாற்றுதலைக் குறிக்கும் ‘ஃபெரொய்ஸெருங்’ இதன் உடன்பிறப்பு. ‘என்ட்ஃபிரெம்டுங்’ என்பது தனக்குரியதாயிருந்தது பிறிதாய், அந்நியமாய், எதிர்நிற்றல்.

1959இல் வெளிவந்த மார்ட்டின் மில்லிகனின் ஆங்கிலப் பெயர்ப்பு பின்னிரு சொற்களையும் வேறுபடுத்தியது. என்ட்ஃபிரெம்டுங்குக்கு ‘எஸ்ட்ரேஞ்ச்மன்ட்’ என்றும் என்டொய்ஸெருங்குக்கு ‘ஏலியனேஷன்’ என்றும் அது கொண்டது. 1960களின் தொடக்கத்தில் பரவிய பொட்டமோரின் பெயர்ப்பு இரண்டையும் ‘ஏலியனேஷன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கியது. மார்க்ஸ் பலவிடங்களில் அவற்றை ஏறத்தாழ ஒருபொருட் சொற்களாகவே கையாண்டமையால் இதற்கும் நியாயம் உண்டு. உலகெங்கும் பரவியது ஒற்றைச் சொல்லே. தமிழுக்கு வந்ததும் அதுவே. எஸ்.வி. ராஜதுரை 1979இல் ‘அந்நியமாதல்’ என்ற பெயரிலேயே நூலொன்றை வெளியிட்டு இக்கருத்தைத் தமிழ் வாசகருக்கு விரிவாக அறிமுகஞ் செய்தார். அது தமிழ்ச் சிந்தனைக்குக் கிடைத்த பெரும் வரவு.

எனினும் அதன்பின் திறனாய்வு வழக்கிற் சொல் தன் வழியே சென்றது. ‘அந்நியம்’ என்பது தமிழ் வாசகனுக்கு உறவின்மையையும் ஒட்டாமையையுமே நினைவூட்டும். எனவே நகரத்து நடுத்தர வர்க்கக் கதைமாந்தனின் தனிமை, சலிப்பு, வாழ்க்கை பொருளற்றதெனும் உணர்வு ஆகியவற்றுக்கெல்லாம் அது பெயராயிற்று. இருப்பியல்வாதத்தின் செல்வாக்கும் இதற்குத் துணைநின்றது. உழைப்பையும் உடைமையையும் பற்றிய ஒரு கருத்து, மனநிலை பற்றிய கருத்தாகச் சுருங்கியது.

இங்கு அம்பாறைக் கரையோரத்தை நோக்குவது பயன்தரும். இலங்கையின் காணிச் சட்டத் தமிழில், காணியுரிமையை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குக் கைமாற்றுவதற்கு வழங்கும் சொல் ‘பராதீனப்படுத்தல்’. சட்ட ஆங்கிலத்தின் ‘ஏலியனேஷன்’ என்பதற்கு நேரான சொல் இது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்ட காலந்தொட்டுக் காணியே இப்பிரதேசத்தின் தலையாய பிரச்சினை. சம்மாந்துறையிலோ நிந்தவூரிலோ அக்கரைப்பற்றிலோ உள்ள விவசாயி காணிக் கச்சேரிக் கடிதத்தில் இச்சொல்லைக் கண்டிருப்பார். அதே கடிதத்தின் ஆங்கிலப் படியில் இருப்பதும், திறனாய்வாளர் கதைமாந்தனின் தனிமைக்குக் காட்டும் ஆங்கிலச் சொல்லும் ஒன்றே என்பது அவ்விருவருக்கும் தெரியாது.

இது தற்செயலான ஒலியொற்றுமையன்று. பதினெட்டாம் நூற்றாண்டின் பொருளாதார அறிஞர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட், விற்பனையாற் பெறும் இலாபத்தை ‘ஏலியனேஷன்’ என்னும் இச்சொல்லாலேயே குறித்தார். மார்க்ஸ் உபரி மதிப்புக் கோட்பாடுகள் பற்றிய தம் கையெழுத்துப் படிகளில் அதனை எடுத்து ஆராய்ந்தார். உரிமை கைமாறுதல் என்னும் சட்டப் பொருள் இக்கருத்தின் ஓரத்திலன்று, நடுவிலேயே இருக்கிறது. ‘பராதீனம்’ என்ற சொல்லோ பிறர் வசமாதல் எனப் பொருள்படுவது. அதன் எதிர்ச்சொல் ‘சுவாதீனம்’. காணியைச் சுவாதீனப்படுத்தல் என்கிறோம். புத்தி சுவாதீனம் என்றும் சொல்கிறோம். உடைமையும் தன்வசமாயிருத்தலும் இங்கு ஒரே சொற்குடும்பத்துக்குள் வருகின்றன. மார்க்ஸ் இணைக்க விரும்பிய இரண்டும் இவையே.

5

இவ்வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சிக்குரியதா? அன்று என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். முதலாளியிடம் நூல் பெற்றுக் கூலிக்கு நெய்யும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவர் கைத்திறன் சாரமாக உருக்கொள்கிறது. இது பொருளுருவாதல்; எந்தச் சமுதாயத்திலும் எந்த நெசவாளிக்கும் நிகழ்வது; மனிதனின் ஆக்கவலிமைக்கு அதுவே சான்று. நெய்த சாரம் நெய்தவருடையதாகாமல் நூல் கொடுத்தவருடையதாகிறது. இது பராதீனமாதல், குறிப்பிட்ட உடைமை உறவினால் மட்டும் நிகழ்வது. பின்னர் அதே சாரம் விலையாக, சந்தை நிலவரமாக, கூலிக் குறைப்பாக அவருக்கு எதிரே வந்து நிற்கிறது. அவர் கைப்பட்டதே அவரை ஆளும் ஆற்றலாகிறது. இது அந்நியமாதல்.

மூன்று படிகளையும் ஒரே சொல்லால் வழங்கினால் இரு தவறான முடிவுகளுள் ஒன்றுக்கு வருவோம். உழைப்பு வெளியே உருக்கொள்வதே அந்நியமாதல் என்றால், அது மனிதவாழ்வின் நீங்காத் தலைவிதியாகிறது, அதற்கு மாற்றில்லை. அந்நியமாதல் என்பது உணர்ச்சி மட்டுமே என்றால், அதற்கு மருந்து தனிமனித மனப்பக்குவமே. நடுவிலுள்ள படியைக் கண்டால்தான் அது வரலாற்றில் தோன்றியதென்றும் வரலாற்றில் நீக்கத்தக்கதென்றும் கூறவியலும். லூக்காச் தம் ‘வரலாறும் வர்க்க உணர்வும்’ என்ற நூலுக்கு 1967இல் எழுதிய முன்னுரையில், பொருளுருவாதலையும் அந்நியமாதலையும் ஒன்றாக்கியமையே தம் இளமைக்கால நூலின் அடிப்படைப் பிழை என்று தாமே கூறினார். இரு சொற்களும் கண்முன் இருந்த ஜேர்மன் மொழியிலேயே இம்மயக்கம் நேர்ந்ததாயின், ஒரே சொல்லைக் கைக்கொண்ட நமக்கு எச்சரிக்கை எவ்வளவு வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இலக்கியத் திறனாய்விலும் இதன் விளைவு பாரதூரமானது. கிழக்கின் வேளாண்மை வாழ்வைப் பாடிய நீலாவணனின் ‘வேளாண்மை’ காவியம் அவர் மறைந்த பின் 1982இல் நூலுருப்பெற்றது. போடியாரும் வட்டையும் கூலியாளும் இடம்பெறும் கிழக்கிலங்கைப் படைப்புக்களை ‘மண்வாசனை’ என்று வகைப்படுத்துவதும், நகரத்துச் சலிப்பைச் சொல்லும் கதைகளை ‘அந்நியமாதல்’ என்று வகைப்படுத்துவதும் வழக்கமாயின. மார்க்சின் கருத்து எந்த உழைப்பாளரைப் பற்றி எழுந்ததோ, அவர் வாழ்வைக் கூறும் எழுத்துக்கு அக்கருத்து பயன்படாமற் போயிற்று. 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகைச் செய்கையாளரின் பாதுகாப்பை முன்னிட்டு இயற்றப்பட்டதென்பதை அறிந்த வாசகருக்கு இந்த முரண் விளக்கம் வேண்டாதது.

6

ஆங்கிலம் மறைத்த இன்னொரு வேறுபாட்டையும் சுருங்கக் கூறலாம். கம்யூனிஸ்ட் அறிக்கையின் தமிழாக்கம் 1931இல் ‘குடி அரசு’ இதழில் வெளிவரத் தொடங்கியது. அவ்வறிக்கையின் மூலத்தில் உடைமை பற்றிய பகுதியில் அடுத்தடுத்து இரு சொற்கள் வருகின்றன: ஒன்று ஒழித்தலை மட்டும் குறிக்கும் ‘அப்ஷாஃபுங்’, மற்றொன்று ‘அவுஃப்ஹேபுங்’. சாமுவேல் மூரின் 1888ஆம் ஆண்டு ஆங்கிலப் பெயர்ப்பு இரண்டையும் ஒழிப்பென்றே கூறியது. ஏங்கல்ஸ் மேற்பார்த்த பெயர்ப்பாதலால் அதனைப் பிழையென்று ஒதுக்கவியலாது. சட்டமொன்றை நீக்குதலையும் ஜேர்மன் வழக்கு அச்சொல்லாற் குறிக்கும். ஆயின் ஹெகலிடம் பயின்ற தலைமுறைக்கு அவுஃப்ஹேபன் என்பது நீக்குதல், பேணுதல், உயர்த்துதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே உணர்த்தியது. ஆங்கிலத்தில் இதற்குச் ‘சப்லேட்’ என்ற, கற்றோர் மட்டும் அறிந்த சொல்லை எடுத்தாண்டனர்.

தமிழில் ‘எடு’ என்னும் எளிய வினையைக் கவனிக்க வேண்டும். முள்ளை எடுத்தல் நீக்குதல். விதைநெல்லை எடுத்துவைத்தல் பேணுதல். விழுந்தவனைத் தூக்கியெடுத்தல் உயர்த்துதல். துணைச்சொல் இன்றி மூன்றும் ஒருசேரத் தோன்றாமையால் இதனை அப்படியே கலைச்சொல்லாக்குவது கடினம். ஆனால் ஹெகலின் கருத்தை மாணவருக்கு விளக்க இதனினும் சிறந்த வாயில் இல்லை. ‘பெக்ரிஃப்’ என்பதையும் இவ்வாறே விளக்கலாம். விளங்காததைப் ‘பிடிபடவில்லை’ என்கிறோம். பற்றுதலே அறிதலாவது நமக்கும் இயல்பான வழக்கே.

7

சொற்களைக் கொணரும் முறைமைகளில் முஸ்லிம் தமிழ் மரபுக்குப் பல நூற்றாண்டு அனுபவம் உண்டு. ‘தொழுகை’, ‘நோன்பு’, ‘பள்ளி’ ஆகியன தமிழில் முன்பே வேறு சமயங்களிடத்து வழங்கியவை. அவை புதுப்பொருள் பெற்றன. ‘ஈமான்’, ‘தீன்’ ஆகியன மொழிபெயர்க்கப்படாமல் அவ்வாறே ஏற்கப்பட்டன. எதனைப் பெயர்ப்பது, எதனை ஏற்பது என்ற தெரிவு வாழும் ஒரு சமூகத்தின் தேவையிலிருந்து எழுந்தது. ஹைடெகரின் ‘டாசைன்’ என்ற சொல்லை 1962இல் ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பெயர்க்காமலே விட்டதும் இம்முறைமையின்பாற்பட்டதே.

இடைமொழிப் பிரச்சினைக்கும் அரபு வரலாறு ஒரு பாடம் தருகிறது. கிரேக்க நூல்களிற் பல முதலிற் சிரியாக் மொழிக்கு வந்து, அதன்வழியே அரபுக்குச் சென்றன. ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்னும் கிறித்தவ அறிஞர் பழைய சிரியாக் பெயர்ப்புக்களை அப்படியே ஏற்கவில்லை. கிரேக்கப் பிரதிகளைத் தேடி ஒப்புநோக்கித் திருத்தினார். இடைமொழியைப் பயன்படுத்தியதனால் அரபு மெய்யியல் தாழவில்லை. இடைமொழியைக் கேள்விக்குள்ளாக்கியதனால் உயர்ந்தது.

கல்முனையிற் பிறந்த எம்.ஏ. நுஃமானின் பணி இங்கு கருதத்தக்கது. மொழியியலாளராகவும் கவிஞராகவும் ‘மார்க்சியமும் இலக்கியத் திறனாய்வும்’ எழுதிய திறனாய்வாளராகவும் விளங்கும் அவர், பலஸ்தீனக் கவிதைகளை ஆங்கிலத்தின் வழியாகவே தமிழுக்குத் தந்தார். அரபு ஓதல் அன்றாடம் கேட்கும் ஊரிலிருந்து எழுந்தவரிடத்தும் நவீன அரபுக் கவிதை ஆங்கிலத்தின் வழியே வந்ததென்பது நம் வரலாற்றுச் சூழலைக் காட்டுகிறது. அத்தொகுதி ஈழத்துக் கவிதைக்கு ஊட்டிய வலிமையை எவரும் மறுக்கார். கவிதையின் படிமமும் அறச்சீற்றமும் இரு பெயர்ப்புக்களைத் தாண்டியும் உயிர்வாழக் கூடும். மெய்யியற் கருத்தோ வேறுபாடுகளால் ஆனது. ஒரு வேறுபாடு அழிந்தால் கருத்தே அழிகிறது.

ஆகவே வேண்டுவன எளியவை. ஆங்கிலப் பெயர்ப்பு ஒன்றுக்கு மேற்பட்டுள்ளவிடத்து அவற்றை ஒப்புநோக்க வேண்டும். அவை முரண்படுமிடமே மூலம் செறிந்துள்ள இடம். ஜேர்மன் சொல்லின் வேரையாவது அறிந்துகொள்ள வேண்டும். தமிழ்ச் சொல்லைத் தேடுமிடத்து அகராதியோடு நில்லாது அளவை நூல்களையும் காணிச் சட்டத்தையும் சமய வழக்கையும் வயல்வெளிப் பேச்சையும் நாட வேண்டும். ‘அந்நியமாதல்’ என்ற சொல்லைக் கைவிட வேண்டியதில்லை, அது வேரூன்றிவிட்டது. அதனருகே ‘பராதீனமாதல்’ என்பதை நிறுத்தினாற் போதும். யார் உழைத்தார், யாருக்குப் போயிற்று என்னும் வினா அப்போது மீண்டும் நம் திறனாய்வுக்குள் நுழையும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவர் ஒருவர் இக்கோட்பாட்டைப் படிக்கும்போது, தம் தந்தையின் காணி உறுதிப்பத்திரமும் அந்நூலும் ஒன்றையே பேசுகின்றன என்று உணர்வாராயின், ஜேர்மன் மொழியிலிருந்து தமிழ்வரை அச்சொல் வந்த நெடும்பயணம் வீண்போகாது.